சாமிக்கு விட்ட முடி

என் தம்பியின் தலைமுடி ஐந்து வயது வரைக்கும் அவனுக்குச் சொந்தமில்லை. அது கதிர்காமத்து முருகனுக்குச் சொந்தம்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விட முடியாமல், உதடெல்லாம் நீலமாகி, நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதைப் பார்த்துவிட்டு, அம்மா வார்டு வாசலிலேயே நின்று வேண்டிக்கொண்டாராம். "முருகா, இவன் தலையில கத்தி படாது. ஒரு முடி கொறையாம வளத்து ஒன் காலடிக்கே கொண்டாந்து தர்றேன். எம்புள்ளைய விட்டுரு." தம்பி பிழைத்தான். முடியும் வளர்ந்தது.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அதிகம் படிக்காதவர். ஆனால் சாமியிடம் சொன்ன சொல்லில் எழுத்துப் பிசகாமல் நிற்பார். தம்பிக்குத் தலை வாரும்போது சீப்போடு வருகிற முடியைக்கூடக் குப்பையில் போடமாட்டார். ஒரு மஞ்சள் துணியில் சேர்த்து முடிந்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைப்பார். "ஒரு முடி கொறையாம" என்று சொல்லியாகிவிட்டதே. அவன் விளையாடும்போது எந்தப் பிள்ளையாவது அவன் முடியைப் பிடித்து இழுத்தால் அம்மாவுக்கு நெஞ்சு பதறும். அந்தப் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. முடி குறைந்தால் தம்பி செத்துப்போவான் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே அப்படித் தெரிந்துவைத்திருந்தேன்.

தம்பிக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் கந்தப்பளை டவுன் கடைக்காரர்கள் அவனைப் பெண்பிள்ளை என்று நினைத்துப் பாசிமணி காட்டினால், வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிப்பான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நேர்த்தியை நிறைவேற்றப் புறப்பட்டோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும். மாமா கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்தார். அவருக்கு லீவு கிடைக்காமல் பயணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஒருநாள் வந்து இறங்கினார். பார்த்தால், தம்பிக்குப் போட்டியாக மாமாவின் முடியும் கழுத்துக்குக் கீழே தொங்கியது. தண்ணீர் தொட்டுத் தொட்டு வாரி, ஒரு பக்கமாக ஒதுக்கி விட்டிருந்தார்.

"என்ன மச்சான், நீயும் நேர்த்தி வச்சிருக்கியா?" என்று அப்பா கேட்டார்.

"இது வேற சாமிக்கு மச்சான்" என்றார் மாமா.

அந்த வேறு சாமி சினிமா என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் மாமா ராஜா வேஷம் கட்டினால், அடுத்த தோட்டத்துச் சனமும் வந்து நிற்குமாம்.

புறப்படுகிற அன்று, கோயில் வாசலில் தேங்காய் உடைத்தபிறகுதான் மாமா விஷயத்தைச் சொன்னார். தெற்கே, கதிர்காமத்துக்கு இந்தப் பக்கம், சினிமாப் படம் எடுப்பதற்காகவே கட்டிய ஒரு ஊர் இருக்கிறதாம். டிக்கெட் எடுத்தால் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாமாம்.

"புள்ளைங்க பாக்கட்டுமேக்கா."

"நேர்த்திக்குப் போறப்ப நடுவுல எங்கயும் எறங்கக்கூடாதுடா" என்றார் அம்மா. "மொதல்ல சாமி. வரும்போது பாப்போம்."

"வரும்போது அந்த ஆளு இருக்க மாட்டாருக்கா. அங்க ஒருத்தர நான் பாக்கணும். கொஞ்ச நேரந்தான்."

மாமா யாரிடமும் கெஞ்சுகிறவர் இல்லை. அன்று கெஞ்சினார். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வேன் ஓட்டியவர் டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்; எங்களுக்கு அவர் நானா. வெலிமடை, பண்டாரவளை, எல்ல என்று இறங்க இறங்கக் குளிர் கழன்றது. வெல்லவாயவுக்கு வந்ததும் நானா வேனை ஓரங்கட்டி, பின்னால் திரும்பிக் கேட்டார்.

"இப்புடிப் போனா கதிர்காமம். அப்புடிப் போனா சினிமா. எந்தப் பக்கம் திருப்ப, தங்கச்சி?"

அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதிர்காமத்துப் பாதையைப் பார்த்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சீக்கிரமா வந்துருவோம் முருகா" என்றார். வேன் மறுபக்கம் திரும்பியது. சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம் என்று நான் சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஊர் முள்ளுக்காட்டுக்கு நடுவில் இருந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயிலை நாங்கள் பார்த்ததில்லை. வாசலில் டிக்கெட் எடுக்கும்போது, தொப்பி போட்ட ஒருவர் வந்து மாமாவைத் தனியே அழைத்துப் போனார். சிங்களத்தில் பேசினார். மாமாவின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். முடிக்குள் விரலை விட்டுக் கோதிப் பார்த்தார். போனில் படம் பிடித்தார். "ஹரி சேர், ஹரி சேர்" என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லி மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து, அம்மாவை வேனுக்குப் பின்னால் கூட்டிப் போய் என்னவோ சொன்னார். அம்மா அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார். டிக்கெட்டைக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் போல என்று நான் நினைத்தேன்.

உள்ளே ஒரு தெரு இருந்தது. கடைகள், தபால் கந்தோர், ரயில்வே ஸ்டேசன், பொலிஸ், எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் இல்லை. முதலில் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மாமா ஒரு செங்கல்லை எடுத்துத் தன் தலையில் ஓங்கி அடித்துக்கொண்டார். நான் அலறிவிட்டேன். செங்கல் ரெண்டாகப் போனது, மாமா சிரித்தார். அது ரெஜிபோம், வெறும் நுரை அட்டை. "எல்லாம் டூப்பு" என்றார். தபால் கந்தோரின் தராசு மரம். கடையில் தொங்கிய வாழைக்குலை பிளாஸ்டிக். தம்பி அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினான். சுவரைத் தட்டினால் வெறும் டப்பாவைத் தட்டுகிற சத்தம் வந்தது.

தெருவின் முடிவில் ஒரு கோயில். கோபுரத்தில் பொம்மைகள், வாசலில் மணி, திருநீறு பூசிய கதவு. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்று கும்பிட்டார். வழி மாறி வந்த குற்றத்துக்கு இங்கேயே ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார் போல. வெகுநேரம் உதடு அசைந்தது. பிறகு சாமியைப் பார்க்கக் கதவைத் தள்ளினார்.

கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கோபுரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்திய நாலு சவுக்குமரம். அதற்கப்பால் முள்ளுக்காடு. அங்கிருந்து சூடான காற்று வந்து அம்மாவின் முகத்தில் அடித்தது.

"ஏங்க, உள்ள சாமி இல்லைங்க" என்றார் அம்மா.

"படத்துக்குக் கட்டுனதுதானே" என்றார் அப்பா.

"சாமி இல்லாத எடத்துல கும்புட்டுட்டேங்க."

அப்பா அம்மாவை அந்தப் பொய் ஸ்டேசன் நிழலுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தார். எனக்கு அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அத்தனை வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் அதே காடுதான் காத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றிவிட்டது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமாவுக்கு அன்று கால் தரையில் இல்லை. எங்களைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று, பக்கத்தில் இருந்த சலூனுக்குள் தம்பியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். சுழலுகிற நாற்காலி இருந்தது. கண்ணாடிச் சட்டம் இருந்தது, கண்ணாடி இல்லை. ஒரு கத்திரிக்கோலும் சீப்பும் கயிற்றில் தொங்கின. மாமா முகம் துடைக்கிற தன் லேஞ்சியை எடுத்துத் தம்பியின் கழுத்தில் கட்டினார். ரிப்பனை அவிழ்த்து முடியை விரித்துவிட்டார். போனை என் கையில் தந்து, "படம் புடிம்மா. மொட்டைக்கு ஒத்திகை" என்றார்.

"மாமா, கத்திரி வேணாம் மாமா."

"அட, இது மரமோ தகரமோ. செங்கல்லு மண்டைய ஒடச்சிச்சா?"

கத்திரிக்கோலை எடுத்து, நாடகத்தில் பேசுகிற மாதிரி, "இளவரசே, எப்படி வெட்ட வேண்டும்?" என்று கேட்டார். தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். காதுப் பக்கத்து முடியைத் தூக்கிப் பிடித்து மாமா சும்மா ஒரு தடவை அழுத்தினார்.

அந்தத் தெருவில் அது ஒன்றுதான் நிஜம். முடி மாமாவின் கையில் வந்துவிட்டது.

தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். மாமாவின் முகத்தை நான் அதற்கு முன்னும் அப்படிப் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த முடிக்கற்றையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். மீதி முடியை வாரி, வெட்டிய இடத்தை மறைத்து ரிப்பனைக் கட்டினார். அது இரண்டு தரம் அவிழ்ந்தது.

"அம்மாகிட்ட இப்ப சொல்லாதம்மா" என்றார். "அங்க போனதும் நானே சொல்லுறேன்."

நான் தலையை ஆட்டினேன். நான் அந்தக் கடையின் பின்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல ஆடியது. காற்றுத்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் யாரோ கணக்குக் கேட்க வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

வேன் புறப்பட்டு வெகுதூரம் போகவில்லை. தம்பி வாடிப்போய் மாமாவின் மேல் சாய்ந்தான். தொட்டுப் பார்த்தேன், கொதித்தான். திடீரென்று மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மாமாவின் வெள்ளைச் சட்டையில், சரியாக அந்தப் பையின் மேல், சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பிள்ளையின் பிடரியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "முருகா, வந்துக்கிட்டேதானே இருக்கோம். வந்துக்கிட்டேதானே இருக்கோம்" என்று மெதுவாக, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நானா வேனை நிறுத்திச் செவ்விளநீர் வெட்டி வாங்கி வந்தார். லேஞ்சியை நனைத்துத் தம்பியின் நெற்றியில் போட்டார். "பயப்படாதீங்க தங்கச்சி. மலநாட்டுப் புள்ளைக்கு இந்தச் சூடு ஒத்துக்காது. கொஞ்சத்துல நின்டுரும்" என்றார். அப்பாவும் அதையே சொன்னார். எனக்கும் மாமாவுக்கும் மட்டும் அது சூட்டினால் வந்ததில்லை என்று தெரியும். மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"கொஞ்சம் வெரசா போங்க நானா" என்றார் மாமா.

எனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனை கந்தப்பளைக் கோயிலில் கற்றுக்கொடுத்த ஆறெழுத்துத்தான். அதைச் சொல்லிக்கொண்டே தம்பியின் வயிற்றைப் பார்த்தேன். ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஏறும். அடுத்தது ஏறுமா என்று பார்ப்பேன். வழியில் இருந்த மரம், குளம், மயில் எதுவும் என் நினைவில் இல்லை. அந்தச் சின்ன வயிறு மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

கதிர்காமம் வந்து, கோயிலுக்கு முன்னால் ஓடுகிற மாணிக்க கங்கையில் இறங்கிக் குளிர்ந்த தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றியதும் தம்பி கண்ணைத் திறந்து, "வறுத்த கடல கேட்டேன்ல?" என்றான். அம்மா அழுதுவிட்டார். ஆனாலும் என் பயம் போகவில்லை. இனிமேல்தானே சாமி எண்ணிப் பார்க்கப் போகிறார்.

கரையில் மொட்டை போடுகிறவர் பாய் விரித்திருந்தார். மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, உதிர்ந்த முடியையெல்லாம் தட்டில் வைத்தார். மொட்டை போடுகிறவர் ரிப்பனை அவிழ்த்தார். காதுப் பக்கம் வந்ததும் கை நின்றது. கற்றையை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"இங்க ஏற்கெனவே வெட்டி இருக்கே?" என்றார்.

மாமா பைக்குள் கையை விட்டு அந்த முடியை எடுத்துத் தட்டில் வைத்தார். ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்கையால போச்சுக்கா. அந்தக் கத்திரி டூப்புன்னு நெனச்சேன்."

அம்மா தட்டையே பார்த்தார். "ஒரு முடி கொறையாமன்னு சொன்னேனே" என்றார். திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

"கொறையலக்கா. எல்லாம் தட்டுலதான் இருக்கு" என்றார் மாமா. "ஆனா அவருக்கு முந்தி நான் கத்தி வச்சிட்டேன். அதுக்கு நான் குடுக்குறேன்."

தம்பியின் தலை பளபளவென்று ஆனதும், அவனை அப்பாவிடம் தந்துவிட்டு, மாமா அதே பாயில் தன் தலையைக் குனிந்தார். அம்மா பாய்ந்து வந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிடா. நீ ஒக்காராத. ஒம்முடிய இங்க யாரும் கேக்கல."

"அக்கா."

"எந்திரிங்கிறேன்ல. ஒம்முடியில கைய வைக்கக்கூடாது."

மாமாவின் மேல் அம்மாவுக்கு அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். அவர் முடி சாமிக்குக்கூட ஆகாது என்று சொல்கிறார், செய்த காரியத்துக்கு அதுதான் தண்டனை என்று நினைத்தேன். மாமாவுக்காக எனக்கு அழுகை வந்தது.

மாமா திரும்பி, அப்பாவின் தோளில் கிடந்த தம்பியைப் பார்த்தார். அவன் மூக்கோரத்தில் இன்னும் ஒரு கோடு ரத்தம் இருந்தது.

"இவனவிட அது பெருசாக்கா?" என்றார்.

அம்மாவின் பிடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு விட்டது. அம்மா திரும்பி நின்று ஆற்றைப் பார்த்தார். மாமாவின் முடி கொத்துக் கொத்தாகப் பாயில் விழுந்தது.

இரவு மடத்தில் தங்கினோம். தம்பி கடலை தின்றான், ஓடினான், விழுந்தான். காய்ச்சல் மாயமாய்ப் போயிருந்தது. மறுநாள் திரும்பி வந்தோம். வேன் மலையேற ஏறக் குளிர் வந்தது. இரண்டு மொட்டைத் தலையிலும் அம்மா சந்தனம் பூசியிருந்தார். நானா கண்ணாடியில் பார்த்து, "முன்னுக்கு ரெண்டு லைட், பின்னுக்கு ரெண்டு லைட். இனி எனக்கு மிஸ்ட்டுக்குப் பயமில்ல" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சிரித்தார். அம்மா பின்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை அவர் தலைமேல் வைத்திருந்தார்.

வெலிமடை தாண்டியதும் மாமாவின் போன் அடித்தது. எடுத்து யாரென்று பார்த்தார். அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"எடுய்யா மச்சான்" என்றார் அப்பா.

"கடையிலருந்துதான். அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி மாமா போனை அணைத்துவிட்டார்.

என் மகனுக்கு மொட்டை போடக் கதிர்காமம் போனபோதுதான் அம்மா எனக்கு அதைச் சொன்னார். மடி கொடுக்க என் தம்பி கூட வந்தான். இப்போது அவன் லொறி ஓட்டுகிறான்; மாடு மாதிரி இருக்கிறான், சாமி புண்ணியத்தில். வெல்லவாயச் சந்தியில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். மற்றப் பாதையைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னார்: தொப்பி போட்டவர் அன்று மாமாவுக்கு ஒரு படத்தில் வேஷம் தருவதாகச் சொல்லியிருந்தாராம். சின்ன வேஷமில்லை, பழைய காலத்து ஆள், நீளமான முடி வேண்டும். மாமாவின் முடியைப் பார்த்துத்தான் கேட்டாராம். "அதில் கத்தி வைக்காதே, நாளைக்குக் கூப்பிடுகிறேன், உடனே வா" என்றாராம். அதைத்தான் வேனுக்குப் பின்னால் வைத்து மாமா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிறகு யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. மாமா இன்றைக்கும் அதே துணிக்கடையில்தான் இருக்கிறார்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அம்மா. "புள்ளையக் காட்டுனதும் கை தானா விட்டுருச்சு."

முருகன் முடியை எண்ணி வாங்குகிறவர் இல்லை என்பது என் நம்பிக்கை. எண்ணுகிறவராக இருந்தால் மாமாவின் முடியையும் அவர் மறந்திருக்க மாட்டார். நான் கதிர்காமம் போகும்போதெல்லாம் மாமா பேருக்கும் ஒரு அர்ச்சனை வைக்கிறேன்.

அன்று அந்த வேனில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தம்பியின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாமி கணக்கு முடிந்துவிட்டது, இனி பயமில்லை. நுவரெலியா வரைக்கும் அம்மாவின் கை மாமாவின் தலையை விட்டு இறங்கவில்லை. புதுமொட்டைக்குக் குளிரும் என்றுதான் பொத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன்.